நினைவகம் எங்கே போகிறது?

பைத்தன், எழில் போன்ற மொழிகளின் இன்டர்பிரிட்டரில் கசிவைத் தேடிப் பிடிக்கும் முறை

சோலார் தகட்டிலிருந்து எவ்வளவு மின்சாரம் வருகிறது, பற்றரியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று நிமிடத்துக்கு ஒருமுறை வாசித்து, அதை ஒரு கோப்பில் எழுதும் சிறிய செய்நிரல் ஒன்று இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை ஓடத் தொடங்கும்போது அது 30 மெகாபைட் நினைவகம் எடுக்கிறது. வெள்ளிக்கிழமை பார்த்தால் 140. அடுத்த வாரம் 300. வேலை ஒன்றும் கூடவில்லை. அதே வாசிப்பு, அதே எழுத்து. ராஸ்பெரி பை சீரோ போன்ற சிறு கணினியில் மொத்த நினைவகமே 512 மெகாபைட்தான். ஒரு நாள் இரவு அது தீர்ந்துபோக, இயங்குதளம் செய்நிரலை நிறுத்திவிடுகிறது. காலையில் கோப்பைத் திறந்தால் நள்ளிரவுக்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை.

இதைத்தான் நினைவகக் கசிவு, மெமரி லீக் என்கிறார்கள். எடுத்த நினைவகத்தை வேலை முடிந்த பிறகும் செய்நிரல் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதே இதன் பொருள்.

நிறுத்தித் திரும்பத் தொடங்கினால் சரியாகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். கணினி பக்கத்து அறையில் இருந்தால் அது எளிது. யாழ்ப்பாணத்தின் நயினாதீவில் இருந்தால், அதைச் சரிபார்க்க வருபவர் புங்குடுதீவு வரை வந்து, குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு ஏற வேண்டும். கடல் கொந்தளிப்பாக இருந்தால் அன்றைக்கு வரவே முடியாமலும் போகலாம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் காற்று, சூரியன், பற்றரி, டீசல் மின்பிறப்பாக்கி என நான்கையும் சேர்த்த கலப்பு மின் திட்டம் ஒன்றுக்கு இந்திய அரசின் நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இப்படிப்பட்ட நிலையங்களில் அளவீடுகளைச் சேர்க்கும் கணினி, ஆள் கை படாமல் மாதக்கணக்கில் ஓட வேண்டும். கசிவைத் தேடிப் பிடிக்கும் கலை தீவுக்காரருக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது இதனால்தான்.

கசிவு எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் கதை போதும். 1992இல் அங்கே வண்டிகளை அனுப்புவதற்கான புதிய கணினி முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் 4ஆம் திகதி அதிகாலை அது செயலிழந்தது. ஒவ்வொரு முறை வண்டி அனுப்பப்படும்போதும் சேர்வர் கணினியின் நினைவகத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்து, அதைத் திருப்பிக் கொடுக்காமல் விட்ட நிரல் துண்டு ஒன்று உள்ளே இருந்தது. மூன்று வாரம் துளித்துளியாகச் சேர்ந்து முழு நினைவகத்தையும் அது தின்றுவிட்டது. ஒரு நாள் ஓட்டிப் பார்த்துச் சரி என்று சொல்லும் சோதனையில் இது அகப்படாது.

மூன்று அடுக்கு

இன்டர்பிரிட்டர் என்பது நாம் எழுதும் நிரலை வாசித்து, அது சொல்வதை உடனுக்குடன் செய்துகாட்டும் இன்னொரு நிரல். நமது உயர்தர மாணவர்கள் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் படிக்கும் பைத்தன் இப்படித்தான் ஓடுகிறது. முத்தையா அண்ணாமலை தமிழில் நிரல் எழுதுவதற்கென்று உருவாக்கிய எழில் மொழியும் இன்டர்பிரிட்டர் வகையே. அதைப் பற்றிய அவரது ஆய்வுக் கட்டுரை 2009இல் வெளிவந்தது.

எழிலில் ஒரு சிறிய நிரல்:

எண் = 1
@( எண் <= 3 ) வரை
    பதிப்பி எண்
    எண் = எண் + 1
முடி

இந்த ஐந்து வரியை எழில் இன்டர்பிரிட்டர் முதலில் சொல் சொல்லாகப் பிரிக்கும். பிறகு எது எதற்குள் அடங்குகிறது என்று பார்த்து ஒரு மர அமைப்பாகக் கட்டும். அதன்பின் அந்த மரத்தின் கிளை கிளையாகப் போய் ஒவ்வொன்றும் சொல்வதைச் செய்யும். ‘எண் + 1’ என்ற இடத்துக்கு வரும்போது, ‘எண்’ என்ற பெயரில் இப்போது என்ன இருக்கிறது என்று மாறிகளின் அட்டவணையில் பார்க்கும். அதோடு ஒன்றைக் கூட்டி வரும் விடையை அதே பெயரின் கீழ் வைக்கும். பழைய எண்ணை அந்தப் பெயர் விட்டுவிடும்.

எழில் இன்டர்பிரிட்டர் எழுதப்பட்டிருப்பது பைத்தனில். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பைத்தன் இன்டர்பிரிட்டர் எழுதப்பட்டிருப்பது சி மொழியில். ஆகவே மேலே உள்ள நிரல் ஓடும்போது உண்மையில் மூன்று அடுக்குகள் ஓடுகின்றன: மேலே நமது நிரல், நடுவில் எழில், அடியில் பைத்தன். நேரடியாகப் பைத்தனில் எழுதுபவருக்கும் பெரும்பாலும் மூன்று அடுக்கு உண்டு: அவரது நிரல், அவர் பயன்படுத்தும் நூலகங்கள், அடியில் இன்டர்பிரிட்டர். நினைவகம் கூடிக்கொண்டே போகிறது என்றால் குற்றம் இந்த மூன்றில் எதிலும் இருக்கலாம். இயங்குதளம் நமக்குக் காட்டுவது மூன்றையும் கூட்டிய ஒற்றை எண்ணை மட்டும்தான். எந்த அடுக்கு என்று பிரித்தறிவதுதான் கசிவு தேடுபவரின் முதல் வேலை.

யார் பிடித்திருக்கிறார்கள்?

பைத்தனில் ஓர் எண், ஒரு சொல், ஒரு பட்டியல் என எதை எடுத்தாலும் அது நினைவகத்தில் ஒரு பொருள். ஒவ்வொரு பொருளின் தலைப்பகுதியிலும் ஓர் எண்ணிக்கை எழுதப்பட்டிருக்கும். இந்தப் பொருளை இப்போது எத்தனை இடங்கள் பிடித்திருக்கின்றன என்பதே அது. நிரலாளர்கள் ரெஃபரன்ஸ் என்று சொல்வதை இந்தக் கட்டுரையில் ‘பிடி’ என்றே சொல்லிக்கொள்வோம்.

திருவிழாக் காலத்தில் அன்னதானச் சமையலுக்குக் களஞ்சிய அறையிலிருந்து எடுக்கும் ஒரு பெரிய கிடாரத்தை நினையுங்கள். அதை வேண்டும் என்பவர் ஒவ்வொருவரும் அதன் பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட வேண்டும், வேலை முடிந்ததும் தன் கோட்டை அழிக்க வேண்டும், கடைசிக் கோடும் அழிந்ததும் கிடாரம் அறைக்குத் திரும்ப வேண்டும் என்பது ஒழுங்கு. ஒருவர் கோட்டை அழிக்க மறந்துபோனால் அந்தக் கிடாரத்தை யாரும் பயன்படுத்தவும் மாட்டார்கள், அது அறைக்குத் திரும்பவும் மாட்டாது. அதுதான் கசிவு. ஒருவர் தன் கோட்டோடு இன்னொருவரின் கோட்டையும் சேர்த்து அழித்துவிட்டால், சோறு வெந்துகொண்டிருக்கும்போதே கிடாரத்தைத் தூக்கிப் போய்விடுவார்கள். இன்டர்பிரிட்டர் திடீரென்று விழுந்து நிற்பது இப்படித்தான். மூன்றாவது வகையும் உண்டு. கிடாரம் இருப்பதால் மூடி தேவை என்று ஒரு கோடு, மூடி இருப்பதால் கிடாரம் தேவை என்று ஒரு கோடு. சமைத்தவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் இரண்டும் ஒன்றையொன்று காட்டிக்கொண்டு வெளியிலேயே கிடக்கும்.

இந்தப் பிடி எண்ணும் முறையை ஜார்ஜ் காலின்ஸ் 1960இல் எழுதிவைத்தார். ஒன்றையொன்று பிடித்திருக்கும் சுழலை இந்த முறையால் விடுவிக்க முடியாது என்பதை மெக்பெத் என்பவர் 1963இலேயே சுட்டிக்காட்டினார். லிஸ்ப் மொழியை உருவாக்கிய ஜான் மெக்கார்த்தி வேறு வழியில் போனார். நிரல் நேரடியாகப் பிடித்திருக்கும் வேர்களிலிருந்து தொடங்கி எட்டக்கூடிய பொருள்களை எல்லாம் குறித்துக்கொண்டு, எட்டாதவற்றைக் கூட்டி அள்ளுவது அவரது முறை. பைத்தன் இரண்டையும் வைத்திருக்கிறது. அன்றாட வேலைக்குப் பிடி எண்ணிக்கை; சுழல்களை மட்டும் தேடி விடுவிக்க, 2000ஆம் ஆண்டு வந்த 2.0 பதிப்பிலிருந்து தனியாக ஒரு துப்புரவாளர். ரூபி மொழி பிடி எண்ணுவதே இல்லை. குறித்து அள்ளும் முறையை மட்டுமே பயன்படுத்துகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். துப்புரவாளர் இருக்கும் மொழியிலும் கசிவு வரும். நிரலால் இனி எட்ட முடியாத பொருளைத்தான் துப்புரவாளரால் அள்ள முடியும். தேவையில்லாத பொருளையும் நமது நிரலில் ஏதோ ஒரு பட்டியல் பிடித்துக்கொண்டிருந்தால், அது தேவையில்லாதது என்று இன்டர்பிரிட்டருக்கு எப்படித் தெரியும்?

கூடுவதெல்லாம் கசிவு அல்ல

தேடத் தொடங்குமுன் உண்மையிலேயே கசிகிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிக நேரத்தை வீணாக்குகிறார்கள்.

எந்த நிரலும் தொடக்கத்தில் கொஞ்சம் வளரும். நூலகங்கள் ஏற்றப்படும்; அடிக்கடி கேட்கும் விடைகளைப் பக்கத்தில் சேமித்துவைக்கும் இடங்கள் நிரம்பும். அது முடிந்ததும் வளர்ச்சி நின்றுவிடும்.

இன்னொன்று, பைத்தன் நினைவகத்தைக் கையாளும் விதம். 512 பைட் அல்லது அதற்குக் குறைந்த சிறு பொருள்களுக்கு அது ஒவ்வொரு முறையும் இயங்குதளத்திடம் போய்க் கேட்பதில்லை. பெரிய துண்டாக வாங்கிவைத்து அதிலிருந்து பிரித்துக் கொடுக்கிறது. இந்தத் துண்டு முன்பு 256 கிலோபைட்டாக இருந்தது, 3.10 பதிப்பிலிருந்து 64-பிட் கணினிகளில் 1 மெகாபைட். துண்டு முழுவதும் காலியானால்தான் அது இயங்குதளத்துக்குத் திரும்பும். ஆயிரக்கணக்கான பொருள்கள் விடுபட்ட பிறகும் ஒரே ஒரு சின்னப் பொருள் ஓரத்தில் உயிரோடு இருந்தால் அந்த ஒரு மெகாபைட்டும் நிரலின் கணக்கிலேயே நிற்கும். பார்ப்பவருக்குக் கசிவு போலத் தெரியும். உண்மையில் அந்த வெற்றிடம் அடுத்த வேலைக்குப் பயன்படும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரே வேலையை 1000 முறை செய்யவைத்து அளவைக் குறியுங்கள். பிறகு இன்னும் 1000 முறை, மீண்டும் 1000 முறை. முதல் சுற்றில் ஏறி, அதன்பின் ஒரு மட்டத்தில் நின்றால் கசிவு இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய அதே அளவு கூடினால் கசிவு. கூடிய அளவை 1000ஆல் வகுத்தால் ஒரு முறைக்கு எத்தனை பைட் போகிறது என்பதும் கிடைத்துவிடும். அந்த எண்ணே ஒரு தடயம். முறைக்கு 60 பைட் போகிறது என்றால் ஓர் எண்ணோ சின்னச் சொல்லோ தங்குகிறது. முறைக்கு 50 கிலோபைட் போகிறது என்றால் ஒரு முழுக் கோப்போ படமோ தங்குகிறது.

மேல் அடுக்கு: நமது நிரல்

கசிவுகளில் பெரும்பான்மை இங்கேதான் இருக்கும். அதனால் தேடலையும் இங்கிருந்தே தொடங்க வேண்டும்.

பைத்தனில் இதற்கு உள்ளேயே ஒரு கருவி இருக்கிறது: டிரேஸ்மாலாக். விக்டர் ஸ்டின்னர் எழுதியது; 2014இல் வந்த 3.4 பதிப்பிலிருந்து பைத்தனோடு சேர்ந்தே கிடைக்கிறது. நிரல் ஓடும்போது எந்த வரியில் எவ்வளவு நினைவகம் எடுக்கப்பட்டது என்று இது குறித்துக்கொள்ளும். முதல் 1000 சுற்று முடிந்ததும் ஒரு பதிவு எடுங்கள். அடுத்த 1000 முடிந்ததும் இன்னொன்று. இரண்டையும் ஒப்பிட்டு, எந்த வரியின் கணக்கு அதிகம் கூடியிருக்கிறது என்று வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். பல நேரம் முதல் வரியிலேயே விடை இருக்கும்.

வழக்கமாக அகப்படும் குற்றவாளிகள் சிலர். எழுதிய அளவீடுகளைப் பின்னர் பார்க்கலாம் என்று ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போவது, அதை ஒருபோதும் வெட்டாமல் விடுவது. விடைகளைச் சேமிக்கும் இடத்துக்கு வரம்பு வைக்காமல் விடுவது. பைத்தனின் எல்ஆர்யூ கேஷ் இயல்பில் 128 விடைகளை மட்டும் வைத்திருக்கும், வரம்பு வேண்டாம் என்று நாமே சொன்னால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும். நடந்த பிழைகளை ஒரு பட்டியலில் சேமிப்பது இன்னும் மோசம். பைத்தனில் ஒரு பிழைப் பொருள், அது எழுந்த இடத்திலிருந்த சார்புகளையும், அந்தச் சார்புகளில் அப்போது இருந்த மாறிகள் அத்தனையையும் சேர்த்தே பிடித்திருக்கும். ஒரு சிறு பிழைச் செய்தியைச் சேமித்ததாக நாம் நினைப்போம். பின்னால் ஒரு முழுக் கோப்பின் உள்ளடக்கம் தொங்கிக்கொண்டிருக்கும். பைத்தன் 3இல் பிழையைக் கையாளும் பகுதி முடிந்ததும் அந்தப் பிழையின் பெயரைத் தானாகவே அழித்துவிடும்படி வைத்திருப்பது இதற்காகத்தான்.

எந்த வரி உருவாக்கியது என்பதை டிரேஸ்மாலாக் சொல்லும். யார் இன்னும் பிடித்திருக்கிறார்கள் என்பதை அது சொல்லாது. அதற்குப் பைத்தனில் துப்புரவாளருக்கான ஜிசி தொகுதியில் வேறு வழி இருக்கிறது. ஒரு பொருளைக் கொடுத்து அதைப் பிடித்திருப்பவை எவை என்று கேட்கலாம். அவற்றைப் பிடித்திருப்பவை எவை என்று மேலும் கேட்டுக்கொண்டே போகலாம். நான்கைந்து படி போனால் நமக்குத் தெரிந்த ஒரு மாறியின் பெயர் வந்துவிடும். இதையே படமாக வரைந்து காட்டும் ஆப்ஜிராஃப் என்ற கருவியும் உண்டு.

நடு அடுக்கு: எழில் போன்ற இன்டர்பிரிட்டர்

எழிலில் எழுதிய நிரல் கசிகிறது என்றால் டிரேஸ்மாலாக் காட்டும் வரி நமது எழில் நிரலின் வரியாக இருக்காது. எழில் இன்டர்பிரிட்டரின் பைத்தன் கோப்பில் உள்ள வரியாக இருக்கும். கூட்டலைச் செய்வதும் பட்டியலில் சேர்ப்பதும் பைத்தன் கண்ணுக்கு எழிலின் வேலைதான். ஆயிரம் வெவ்வேறு எழில் வரிகளும் அங்கே ஒரே இடத்தைக் காட்டும். ஒரு மொழியின் இன்டர்பிரிட்டரை இன்னொரு மொழியில் எழுதும் எவருக்கும் இந்தச் சிக்கல் வரும்.

இப்போது கேள்வியை மாற்ற வேண்டும். இன்டர்பிரிட்டர் எந்தெந்த இடங்களில் பொருள்களைப் பிடித்துவைக்கிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். நிரலின் மரம் ஒன்று. அது ஓட்டம் முடியும் வரை இருக்க வேண்டியது, அளவும் மாறாது, அதை விட்டுவிடலாம். மாறிகளின் அட்டவணை இன்னொன்று. நிரல்பாகம் (எழிலில் சார்புக்கு உள்ள பெயர்) ஒன்றை அழைக்கும் ஒவ்வொரு முறையும் அதற்கென்று புதிதாக வைக்கப்படும் உள் மாறிகளின் அடுக்கு மூன்றாவது. ஆபத்து இந்த மூன்றாவதில்தான். நிரல்பாகம் ஒழுங்காக ‘முடி’ வரை போனால் அந்த அடுக்கை எடுத்துவிடுவார்கள். நடுவில் விடையைத் திருப்பித் தரும் ‘பின்கொடு’ வந்தால்? உள்ளே ஒரு பிழை எழுந்து வெளியே துள்ளிப் போனால்? மூன்று வழிகளிலும் அடுக்கு எடுபடுகிறதா என்று இன்டர்பிரிட்டர் எழுதுபவர் பார்த்தாக வேண்டும். சோதிக்க ஓர் எளிய வழி: ஒரு நிரல்பாகத்தை ஒவ்வொரு வழியாகவும் 1000 முறை அழைத்துவிட்டு, அடுக்கின் உயரம் தொடங்கிய இடத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். எந்த வழியில் மட்டும் கூடுகிறதோ அந்த வழியில்தான் கசிவு.

அடி அடுக்கு: சி மொழியில்

இயங்குதளம் காட்டும் அளவு கூடுகிறது, டிரேஸ்மாலாக் காட்டும் அளவு கூடவில்லை என்றால் வழி பிரிகிறது. பைத்தனின் கையால் வாங்கிய நினைவகத்தை மட்டுமே டிரேஸ்மாலாக் அறியும். சி மொழியில் எழுதிய நூலகம் நேரடியாக வாங்கியது அதன் கண்ணில் படாது. இனித் தேட வேண்டியது அடியில்.

சி மொழியில் பிடியைக் கூட்டுவதும் குறைப்பதும் எழுதுபவர் பொறுப்பு. எங்கே தவறும் என்பதற்கு ஓர் உதாரணம். ஒரு சி நூலகம் ஓர் எண் பொருளை உருவாக்குகிறது, பிடி 1. அதைப் பைலிஸ்ட்-அப்பெண்ட் என்ற சார்பால் பட்டியலில் சேர்க்கிறது. பட்டியல் தனக்கென்று ஒரு பிடி போட்டுக்கொள்ளும். இப்போது பிடி 2. எழுதியவர் தன் பிடியை விட வேண்டும். மறந்துவிட்டால், பட்டியல் அழியும்போது 2 என்பது 1 ஆகும், 0 ஆகாது. அந்த எண் இனி ஒருபோதும் விடுபடாது. பக்கத்திலேயே பைலிஸ்ட்-செட்ஐட்டம் என்ற சார்பும் இருக்கிறது. அது புதிதாகப் பிடி போடாமல் நம்முடைய பிடியையே தனதாக்கிக்கொள்ளும். அங்கே நாம் நம் பிடியை விட்டால் இன்டர்பிரிட்டர் விழும். ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு சார்புகளுக்கு நேர்மாறான விதிகள். அனுபவசாலிகளும் இங்கே தவறுவது உண்டு. அதைவிட அதிகமாகத் தவறும் இடம் பிழை வழி. எல்லாம் நல்லபடி நடந்தால் கடைசி வரியில் பிடி விடப்படும். நடுவில் ஒரு படி தோற்று, பாதியிலேயே திரும்பிவிட்டால் அந்தக் கடைசி வரி ஓடாது. கோப்பு கிடைக்காதபோது, இணைப்பு அறும்போது மட்டும் கசியும் நிரல்கள் இந்த வகை. இணையம் அடிக்கடி அறும் ஊரில் இவை சீக்கிரம் வெளிப்படும்.

பைத்தனை உருவாக்குபவர்கள் தங்கள் சொந்த இன்டர்பிரிட்டரில் கசிவைப் பிடிக்க வைத்திருக்கும் முறை கற்றுக்கொள்ளத் தக்கது. பிழை தேடுவதற்கென்று தனியாகத் தொகுத்த பைத்தனில், இந்த நொடி மொத்தம் எத்தனை பிடிகள் இருக்கின்றன என்ற எண்ணைக் கேட்டுப் பெறலாம். அவர்கள் ஒரு சோதனையை முதலில் மூன்று முறை ஓட்டுவார்கள். அது வெள்ளோட்டம், கணக்கில் இல்லை. பிறகு மூன்று முறை ஓட்டி, ஒவ்வொரு முறையும் மொத்தப் பிடி எவ்வளவு கூடியது என்று குறிப்பார்கள். [3, 0, 0] என்று வந்தால் கசிவு இல்லை; முதல் முறை எதையோ சேமித்துவைத்தது, அவ்வளவுதான். [0, 1, 0], [8, −8, 1] என்பனவும் தற்செயல். [5, 5, 6] என்று வந்தால் கசிவு. [10, 1, 1] என்று வந்தாலும் கசிவு. அவர்கள் வைத்திருக்கும் விதி இதுதான்: மூன்று எண்ணும் குறைந்தது 1 ஆக இருந்தால் கசிவு. கசிவு உறுதியானதும் அந்தக் கோப்பில் உள்ள சோதனைகளைப் பாதி பாதியாகப் பிரித்து ஓட்டிக் குற்றவாளியை நெருங்குவார்கள். நூறு சோதனை இருந்தாலும் ஏழு தடவையில் ஒன்றில் வந்து நிற்கலாம்.

நிரல் முடியும்போது என்ன மிஞ்சுகிறது

சி மொழி நிரல்களில் கசிவு தேடும் பெயர்பெற்ற கருவி வால்கிரைண்ட். ஜூலியன் செவார்ட் உருவாக்கியது, 2002இல் வெளிவந்தது. எடுத்த ஒவ்வொரு துண்டையும் குறித்துவைத்து, நிரல் முடியும்போது திரும்பாதவை எவை என்று பட்டியல் தரும். அவற்றில் எது உறுதியாகத் தொலைந்தது, எது இன்னும் யாரோ பிடித்தபடி இருக்கிறது என்றும் பிரித்துச் சொல்லும். நிரல் 10 முதல் 50 மடங்கு வரை மெதுவாகும் என்பது அதன் விலை. பைத்தனை இதில் ஓட்டும்போது, சிறு பொருள்களுக்கு அது வைத்திருக்கும் தனி வழங்கல் முறையை நிறுத்திவிட்டு நேரடியாக இயங்குதள முறையைப் பயன்படுத்தச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வால்கிரைண்டுக்குப் பெரிய துண்டுகள் மட்டுமே தெரியும். உள்ளே எது தங்கியது என்று தெரியாது.

இன்டர்பிரிட்டர்களில் இந்தக் கருவியைப் பயன்படுத்துவதற்கு நீண்ட காலம் ஒரு தடை இருந்தது. ரூபி இன்டர்பிரிட்டர் முடியும்போது தன் நினைவகத்தைப் பொறுக்கி விடுவிப்பதில்லை. செயல் முடிந்ததும் இயங்குதளம் எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்ளும். எதற்கு வீண் வேலை என்ற எண்ணம். அது நியாயம்தான். ஆனால் வால்கிரைண்ட் ஆயிரக்கணக்கான துண்டுகள் திரும்பவில்லை என்று அறிக்கை தரும். உண்மைக் கசிவு இரண்டு மூன்று இருந்தால் அந்தக் குவியலுக்குள் மறைந்துபோகும். 2021இல் பீட்டர் ஜூ, ரூபி மெம்செக் என்ற கருவியை எழுதி இந்த அறிக்கையை ஊகத்தால் வடிகட்டினார். பிறகு அவரும் ஆடம் ஹெஸ்ஸும் சேர்ந்து மூலத்திலேயே கைவைத்தார்கள். 2023 டிசம்பரில் வந்த ரூபி 3.3இல், கேட்டால் முடியும்போது எல்லாவற்றையும் விடுவிக்கும் வசதியைச் சேர்த்தார்கள். வழக்கமான ஓட்டத்தில் அது அணைந்தே இருக்கும். கசிவு தேடும்போது மட்டும் போட்டுக்கொள்ளலாம். அதன்பின் மிஞ்சியிருப்பவை உண்மைக் கசிவுகளே. பல ஆண்டுகளாக ரூபிக்குள் ஒளிந்திருந்த பல கசிவுகள் இந்த வழியில் வெளிவந்து அடைபட்டன.

உங்கள் முறை

எந்த அடுக்கிலும் செய்முறை ஒன்றுதான். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்து அளவு கூடுகிறதா என்று பாருங்கள். கூடினால் முதலில் உங்கள் நிரலைச் சந்தேகியுங்கள், பிறகு நூலகத்தை, கடைசியில் மட்டும் இன்டர்பிரிட்டரை. எடுத்த உடனேயே பைத்தனில் குறை என்று சொல்பவர் பெரும்பாலும் தன் பட்டியல் ஒன்றைப் பார்க்காமல் விட்டவராகத்தான் இருப்பார்.

உண்மையிலேயே நூலகத்திலோ இன்டர்பிரிட்டரிலோ கசிவைக் கண்டால் நிரல் முழுவதையும் அனுப்பாதீர்கள். கசிவை மட்டும் காட்டும் பத்து வரி நிரலாகச் சுருக்கி, எத்தனை சுற்றுக்கு எத்தனை பைட் கூடுகிறது என்ற எண்களோடு அதை உருவாக்குபவர்களுக்கு அனுப்புங்கள். பைத்தனும் ரூபியும் எழிலும் திறந்த மூல மொழிகள். யார் வேண்டுமானாலும் குறையைச் சொல்லலாம், திருத்தத்தையும் அனுப்பலாம். இதற்குப் பெரிய கணினி தேவையில்லை. நினைவகம் குறைந்த பழைய கணினியில்தான் கசிவு சீக்கிரம் தெரியும்.

ஓய்வில்லாமல் ஓட வேண்டிய நிரல் ஒன்று உங்களிடம் இருந்தால், தன் நினைவக அளவை மணிக்கு ஒருமுறை ஒரு கோப்பில் எழுதும்படி அதில் ஒரு வரி சேர்த்து இன்றிரவு ஓடவிடுங்கள். காலையில் எட்டு எண்கள் இருக்கும். அவை ஒரு மட்டத்தில் நின்றால் அந்தக் கணினியை நம்பி விட்டுவிட்டுப் படகு ஏறலாம்.